மழைக்காலத்தில் தூங்கிய மின்பிறப்பாக்கியை எழுப்புவது எப்படி

மலையில் மழை பிடித்துக்கொண்டால் கொழும்பில் எனக்கு வேலை வரும். காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்கள் நிரம்பத் தொடங்கியதும் நீர்மின்சாரம் மலிவாகக் கிடைக்கும். அப்புறம் கொழும்பைச் சுற்றியுள்ள எண்ணெய் யந்திரங்களை ஒவ்வொன்றாக நிறுத்துவார்கள். லக்சபான நீர்மின்நிலையத்தில் டேர்பைனைச் சுற்றிவிட்ட அதே தண்ணீர்தான் களனி கங்கையாக இறங்கி, களனிதிஸ்ஸ மின்நிலையத்தின் பக்கத்தால் கடலுக்குப் போகிறது. மேலே அது வேலை செய்யும்போது கீழே யந்திரம் தூங்குகிறது. தூங்குகிற மாதங்களோ மே முதல் செப்டெம்பர் வரை, தென்மேல் பருவக்காற்று உப்பையும் ஈரத்தையும் ஊருக்குள் அள்ளிக்கொண்டு வருகிற காலம். சூடாக ஓடுகிற ஜெனரேற்றருக்குள் ஈரம் நிற்காது. குளிர்ந்து கிடக்கிற ஜெனரேற்றர் பஞ்சு மாதிரி.

நான் அட்டன் பக்கத்தில் பிறந்து 1994இல் கொழும்புக்கு வந்தவன். இப்போது இருப்பது மட்டக்குளியில். கொன்ட்ராக்ட் ஆட்களோடு மின்நிலையங்களுக்குள் போய் ஜெனரேற்றரைத் திறந்து, சோதித்து, பழுது பார்த்து மூடுவதுதான் என் பிழைப்பு. நாட்டில் பெரியவை என்றால் நுரைச்சோலையின் 300 மெகாவாற் யந்திரங்கள் மூன்றும்தான். என் கை பட்டவை பெரும்பாலும் 5 முதல் 30 மெகாவாற் வரையானவை, 11 கிலோவோல்ற், டீசல் அல்லது காஸ் டேர்பைன். கீழே உள்ளது அந்த அளவு யந்திரங்களுக்கு. பள்ளிக்கூடத்தில் மின்பிறப்பாக்கி, காவலி என்றெல்லாம் படித்தோம். சைட்டில் ஜெனரேற்றர், இன்சுலேஷன் என்றால்தான் எல்லோருக்கும் விளங்கும், ஆகவே இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

முதலில் ஒரு கொப்பி வாங்குங்கள். 200 பக்க சீ.ஆர் கொப்பி போதும். யந்திரத்துக்கு ஒரு கொப்பி. சோதனையில் வந்த ஒவ்வொரு எண்ணையும் திகதி, நேரம், வைண்டிங் (செப்புக் கம்பிச் சுருள்) வெப்பநிலை, அன்றைய வானிலையோடு அதில் எழுதுங்கள். கணினியிலும் ஏற்றுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கணினியில் உள்ளவை அதிகாரி மாறும்போது காணாமல் போகும். அலுமாரியில் கிடக்கிற எண்ணெய்க் கறை படிந்த கொப்பியை எவரும் எடுத்துப் போவதில்லை. இன்சுலேஷன் தடை 420 மெகாஓம், அது நல்லதா கெட்டதா என்று என்னிடம் கேட்டால், போன தடவை எவ்வளவு வந்தது என்று திருப்பிக் கேட்பேன். அது தெரியாமல் என்னால் பதில் சொல்ல முடியாது.

கை வைக்குமுன்

ஜெனரேற்றர் பிரேக்கரைத் திறந்து வெளியே இழுத்து, பூட்டுப் போட்டு, சாவியை உங்கள் பொக்கற்றில் வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சினோ டேர்பைனோ தானாகத் தொடங்காதபடி அதன் ஸ்டாட் எயாரையோ எண்ணெயையோ வேறாக அடைத்துப் பூட்ட வேண்டும். எக்சைற்றேஷனை, அதாவது சுழலும் பகுதியைக் காந்தமாக்குகிற மின்னோட்டத்தை, துண்டியுங்கள். அப்புறம் டெஸ்டர் வைத்து மூன்று பேஸிலும் மின்சாரம் இல்லை என்று பார்த்து, எர்த் கட்டுங்கள். டெஸ்டரை வேறொரு உயிருள்ள இடத்தில் முன்னும் பின்னும் சோதித்துக்கொள்ள வேண்டும், செத்த டெஸ்டர் எல்லாவற்றையும் செத்ததாகத்தான் காட்டும். நிறுத்தியிருக்கும்போது ஈரம் பிடிக்காமல் உள்ளே சூடாக்குகிற ஹீற்றரின் 230 வோல்ற் வேறு பலகையிலிருந்து வரும். அதை மறந்து கை வைத்து உதறியவர்கள் உண்டு.

உள்ளே இறங்குபவர் பொக்கற்றைக் காலிசெய்ய வேண்டும். போன், சில்லறை, பேனை, மோதிரம், சாமிக் கயிற்றில் தொங்குகிற தாயத்து எல்லாம் வெளியே. உள்ளே போகிற ஸ்பனர் எத்தனை, வெளியே வந்தது எத்தனை என்று ஒருவர் வாசலில் இருந்து எழுத வேண்டும். ஒரு நட் குறைந்தால் அது கிடைக்கும்வரை மூடக் கூடாது. அசையாத ஸ்டேற்றருக்கும் சுழலும் ரோற்றருக்கும் நடுவே விழுந்து கிடக்கிற சின்ன இரும்புத் துண்டு, ஓடத் தொடங்கியதும் காந்தப்புலத்தில் துள்ளித் துள்ளி இன்சுலேஷனைத் தின்றுவிடும்.

மெகர் பிடிப்பது

மெகர் என்பது வைண்டிங்குக்கு உயர் டீ.சீ வோல்ற் கொடுத்து இன்சுலேஷன் தடையை அளக்கிற மீற்றர். எல்லோரும் செய்கிற சோதனை இது. எல்லோரும் அவசரமாகச் செய்கிற சோதனையும் இதுதான்.

11 கிலோவோல்ற் வைண்டிங்குக்கு 2500 அல்லது 5000 வோல்ற் டீ.சீ போடலாம். கொப்பியில் எதைப் போட்டதாக இருக்கிறதோ அதையே போடுங்கள், இல்லாவிட்டால் ஒப்பிட முடியாது. 400 வோல்ற் யந்திரத்துக்கு 500 வோல்ற் போதும். நியூட்ரல் பக்கத்தில் மூன்று பேஸும் சேர்கிற இணைப்பைக் கழற்ற முடிந்தால் கழற்றி, ஒவ்வொரு பேஸையும் தனித்தனியாக, மற்ற இரண்டையும் எர்த் பண்ணிக்கொண்டு சோதியுங்கள். மூன்றையும் சேர்த்துப் பிடித்தால் பேஸ்களுக்கு நடுவே உள்ள கோளாறு தெரியாது. உள்ளே புதைத்திருக்கிற வெப்பமானிகளின் வயர்களை எர்த் பண்ணுங்கள். கேபிள், வோல்டேஜ் டிரான்ஸ்ஃபோமர், சேர்ஜ் கபாசிற்றர் எல்லாவற்றையும் வைண்டிங்கிலிருந்து பிரியுங்கள். இந்தக் கடைசிச் சொல்லை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள், ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

பட்டனை அழுத்தி, கடிகாரத்தைப் பார்த்து, ஒரு நிமிடத்தில் வருவதை எழுதுங்கள். விடாமல் பத்து நிமிடம் வரை பிடித்து அதையும் எழுதுங்கள். பத்தாவது நிமிட எண்ணை முதல் நிமிட எண்ணால் வகுத்தால் வருவது பீ.ஐ, அதாவது போலரைசேஷன் இன்டெக்ஸ். ஐ.இ.இ.இ 43 என்ற வழிகாட்டியின்படி இந்த வகை வைண்டிங்குக்கு அது 2க்குக் குறையக் கூடாது. முதல் நிமிட எண், 40 பாகை செல்சியசுக்குத் திருத்திய பிறகு, குறைந்தது 100 மெகாஓம் இருக்க வேண்டும். முதல் நிமிடத்திலேயே 5000 மெகாஓமுக்கு மேல் காட்டினால் பீ.ஐக்குப் பெரிய அர்த்தம் இல்லை, விட்டுவிடலாம்.

என் கொப்பியிலிருந்து ஒரே யந்திரத்தின் இரண்டு நாட்கள். மார்ச் மாதம், நிறுத்தி இரண்டாம் நாள்: ஒரு நிமிடத்தில் 420, பத்து நிமிடத்தில் 1510. பீ.ஐ 3.6. அதே யந்திரம் ஜூலையில், ஆறு கிழமை சும்மா கிடந்த பிறகு: ஒரு நிமிடத்தில் 62, பத்து நிமிடத்தில் 68. பீ.ஐ 1.1. மார்ச்சில் எண் ஏறிக்கொண்டே போனது. அதாவது இன்சுலேஷன் மெல்ல மெல்ல மின்னேற்றத்தை உள்வாங்கிக்கொண்டிருந்தது, ஒழுக்கு சொற்பம். ஜூலையில் எண் அசையவில்லை. மேற்பரப்பில் படிந்த ஈரத்தின் வழியே மின்னோட்டம் நேராக எர்த்துக்கு ஓடிக்கொண்டிருந்தது. மீற்றரை ஒரே நிமிடம் பிடித்துவிட்டு 'அறுபது இருக்கு, சரி' என்று போகிறவருக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

வெப்பநிலையைக் கட்டாயம் எழுதச் சொன்னது ஏனென்றால், சூடு ஏற ஏற இன்சுலேஷன் தடை இறங்கும். பழைய வகை வைண்டிங்கில் 10 பாகைக்குப் பாதியாகும் என்பது கைக்கணக்கு. 30 பாகையில் 200 வந்தால் 40இல் 100 என்று எடுங்கள். புதிய எபொக்சி வைண்டிங் வேறு விதமாக இறங்கும், அதற்குத் தயாரிப்பாளர் தரும் வளைகோட்டைப் பாருங்கள். இன்னொன்று, வைண்டிங்கின் சூடு பனிபடு நிலைக்கு, அதாவது காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்குகிற வெப்பநிலைக்கு, மேலே இருக்க வேண்டும். கொழும்பில் அந்த நிலையே பெரும்பாலும் 24, 25 பாகை. விடியப்புறம் குளிர்ந்து கிடக்கிற வைண்டிங்கின் மேல், குளிர்ந்த சோடாப் போத்தலில் போல நீர் பூத்திருக்கும். காலை ஆறு மணிக்கு மெகர் பிடித்துவிட்டுக் கவலைப்படாதீர்கள். ஹீற்றரைப் போட்டுவிட்டு ஒரு பிளேன்ரீ குடித்து, பத்து மணிக்குப் பிடியுங்கள்.

முடிந்ததும் எர்த் கம்பியை மாட்டி, மின்னேற்றம் போட்ட நேரத்தைப்போல நாலு மடங்கு நேரம் அப்படியே விடுங்கள். பத்து நிமிடச் சோதனைக்கு நாற்பது நிமிடம். வைண்டிங் பெரிய கபாசிற்றர் மாதிரி, ஒருமுறை இறக்கினால் உள்ளே ஒளிந்திருந்தது மறுபடி மேலே வரும். நான் ஒருமுறை ஐந்து நிமிடத்தில் கம்பியைக் கழற்றித் தொட்டேன். முழங்கை தூணில் அடிபட்டு மூன்று நாள் தூக்க முடியவில்லை. அடித்தது மின்சாரம் கொஞ்சம், தூண் மிச்சம்.

இரண்டு நாள் வீணாய்ப் போன கதை

கொழும்புக்கு வடக்கே ஒரு டீசல் நிலையம். ஜெனரேற்றர் மழையில் நனையவில்லை, ஆனால் ஹீற்றரின் பிரேக்கர் விழுந்து ஒரு மாதமாகியும் யாரும் கவனிக்கவில்லை. மெகர் பிடித்தோம், 38 மெகாஓம். பத்து நிமிடத்திலும் 38. ஈரம்தான் என்று முடிவு கட்டி, ஹலஜன் விளக்கும் ஊதுஹீற்றரும் வைத்து, தார்ப்பாயால் மூடி உலர்த்தத் தொடங்கினேன். நாலு மணிநேரத்துக்கு ஒருமுறை மெகர். 38. மறுபடி 38. இரவு 38. மறுநாள் வைண்டிங் 65 பாகைக்கு ஏறியிருந்தது, அப்போதும் 38. எனக்கு வெறி பிடித்தது, இன்னும் இரண்டு ஹீற்றர் கொண்டுவரச் சொன்னேன்.

இரண்டாம் நாள் பின்னேரம், சோத்துப் பார்சலோடு வந்த புதுப் பொடியன், சிங்களப் பிள்ளை, வந்து ஒரு கிழமைதான் இருக்கும், குனிந்து பார்த்துவிட்டு, 'ஐயே (அண்ணா), அந்தப் பெட்டிக்குள் போற கேபிள் எதுக்கு?' என்று கேட்டான். சேர்ஜ் கபாசிற்றர். மின்னல் அலையிலிருந்து வைண்டிங்கைக் காக்க நியூட்ரல் பக்கத்துக்கு எதிரே இருந்த பெட்டியில் மூன்று கிடந்தன. கழற்றவே இல்லை. அவற்றுக்குள்ளே மின்னேற்றத்தை இறக்குவதற்கென்று தடை ஒன்று வைத்திருப்பார்கள். நான் இரண்டு நாளாக அளந்துகொண்டிருந்தது அந்தத் தடையை. கேபிளைப் பிரித்துவிட்டு மெகர் பிடித்ததும் எண் ஆயிரத்துக்கு மேலே போனது.

அதில் எனக்கு வெட்கமான விஷயம் கபாசிற்றரை மறந்தது இல்லை. எல்லோரும் எதையாவது மறப்பார்கள். வைண்டிங்கை 30இலிருந்து 65 பாகைக்குச் சூடாக்கியும் எண் அசையவில்லையே, அதைக் கண்ணால் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. இன்சுலேஷனாக இருந்திருந்தால் சூட்டுக்கு முதலில் இறங்கியிருக்க வேண்டும், பிறகு காய்ந்து ஏறியிருக்க வேண்டும். எண் எவ்வளவு என்பதை மட்டும் பார்த்தேன், அது எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்கவில்லை. அந்தப் பிள்ளை இன்றைக்கு வெளிநாட்டில் டேர்பைன் சைட்டில் சூப்பர்வைசர். நான் அவனை 'மல்லி' (தம்பி) என்றுதான் இன்னும் கூப்பிடுகிறேன்.

உண்மையாகவே ஈரம் என்றால்

உலர்த்துவதற்கு அவசரப்படக் கூடாது. மணிக்கு 5 பாகைக்கு மேல் ஏற்றாதீர்கள். வைண்டிங் 80 பாகையைத் தாண்ட வேண்டாம். ஈரம் ஆவியாகி வெளியேற வழி வேண்டும், தார்ப்பாயின் மேல்புறத்தில் ஒரு வாய் விடுங்கள். முழுக்க மூடிவிட்டால் இட்டிலிப் பானைதான். வெளியிலிருந்து சூடு கொடுப்பது மட்டும் போதாவிட்டால், வெல்டிங் செற்றிலிருந்து டீ.சீ மின்னோட்டத்தை வைண்டிங்குக்குள் விட்டு உள்ளிருந்து சூடாக்கலாம். யந்திரத்தை ஓட்டியே, மூன்று முனைகளையும் ஒன்றோடொன்று ஷோர்ட் பண்ணி, எக்சைற்றேஷனைக் கையால் மிகக் குறைவாக வைத்து உலர்த்துகிற முறையும் இருக்கிறது. அதை, எக்சைற்றேஷனைத் தானாகக் கட்டுப்படுத்துகிற ஏ.வி.ஆரை நன்றாக அறிந்தவர் பக்கத்தில் இல்லாமல் செய்யாதீர்கள். தானியங்கியில் விட்டால் அது வோல்ற் வரவில்லையே என்று எக்சைற்றேஷனை ஏற்றிக்கொண்டே போகும்.

நாலு மணிநேரத்துக்கு ஒரு தடவை எடுத்த எண்களைக் கொப்பியில் கோடாக வரையுங்கள். முதலில் கீழே இறங்கும். பயப்பட வேண்டாம், அது சூட்டின் விளைவு. பிறகு படுக்கையாகக் கிடக்கும். பிறகு ஏறும். ஏறி மறுபடி படுக்கையாகி ஒரு பன்னிரண்டு மணிநேரம் அப்படியே நின்றால் உலர்ந்தது என்று அர்த்தம்.

உப்பும் எண்ணெயும் சேர்ந்த அழுக்கு இருந்தால் உலர்த்தி மட்டும் பயனில்லை. உப்பு காற்றிலிருந்து மறுபடி ஈரத்தை இழுக்கும். நூல் விடாத துணியில் இன்சுலேஷனுக்கென்று விற்கிற கழுவுதிரவத்தை நனைத்துத் துடையுங்கள், துணி கறுக்காமல் வரும்வரை. திரவத்தை வைண்டிங் மேலே ஊற்றாதீர்கள், அழுக்கு இடுக்குக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். உலர்பனி வீசுகிற மெஷின் வாடகைக்குக் கிடைத்தால் அது சுத்தமான வேலை. ஆனால் அறைக்குக் காற்றோட்டம் வேண்டும், காபனீரொட்சைட்டு கீழே தேங்கும்.

கண்ணும் காதும்

கருவி இல்லாமல் தெரிகிறவை நிறைய. நல்ல டோர்ச், சின்னக் கண்ணாடி, ஒரு சிறு சுத்தியல் போதும்.

ஸ்டேற்றர் சுருள்களின் தலைப்பகுதியில் வெள்ளைப் பொடி தெரிந்தால் அதை உடனே துடைக்காதீர்கள். முதலில் போட்டோ எடுத்து, எந்தச் சுருளில் என்று எண்ணுங்கள். பொடி லைன் பக்கத்துச் சுருள்களில் மட்டும் இருந்தால், அங்கேதான் வோல்ற் உச்சம், ஆகவே பகுதி மின்னிறக்கம், அதாவது இன்சுலேஷனில் நடக்கிற சின்னச் சின்ன மின்பொறி, அரிக்கிறது. நியூட்ரல் பக்கத்திலும் ஒரே அளவாக இருந்தால் அங்கே வோல்ற் இல்லையே, அது உராய்வில் வந்த தூள், கட்டு தளர்ந்துவிட்டது. இரண்டுக்கும் மருந்து வேறு. பெயாரிங் எண்ணெய் கசிந்து இந்தத் தூளோடு குழைந்தால் கறுத்த கிறீஸ் மாதிரி இருக்கும். கிறீஸ் போட்டது யார் என்று தேடாதீர்கள், அது இன்சுலேஷன் தேய்ந்த சாறு.

ஆப்புகளை, அதாவது தவாளிப்பில் (சுருள் உட்காருகிற இரும்புப் பள்ளத்தில்) சுருளை இறுக்கிப் பிடிக்கிற வெட்ஜ்களை, ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். சந்தையில் தேங்காய் தட்டுகிற மாதிரிதான். இறுக்கமானது கட்டையாகக் குறுகிய சத்தம் தரும். தளர்ந்தது கலகலக்கும், விரல் வைத்தால் அசைவு தெரியும். ஒரு தவாளிப்பின் இரண்டு முனை ஆப்புகளும் எப்போதும் இறுக்கமாக இருக்க வேண்டும். நடுவில் ஒன்றிரண்டு தளர்ந்திருந்தால் குறித்து வைத்து அடுத்த நிறுத்தத்துக்கு விடலாம். அடுத்தடுத்து மூன்று நாலு தளர்ந்தால் விடக் கூடாது.

தளர்ந்த கட்டுகளைக் கண்ணாடி நாடாவும் எபொக்சியும் கொண்டு மறுபடி கட்டலாம். இதில் கொழும்புக்கென்று ஒரு தொல்லை உண்டு. ஈரக் காற்றில் எபொக்சி இறுகும்போது மேலே பிசுபிசுப்பான ஒரு படலம் படியும். அதன் மேல் அடுத்த பூச்சு ஒட்டாது. பூசுமுன்னும் இறுகும்வரையும் விளக்கு வைத்து இடத்தைச் சூடாக வைத்திருங்கள். படலம் வந்துவிட்டால் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, மெல்ல உரசிவிட்டு அடுத்ததைப் பூசுங்கள்.

ரோற்றர்

டீசல் ஜெனரேற்றரில் துருவங்கள் தனித்தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். எங்கள் 50 ஹேர்ட்ஸுக்கு நிமிடத்துக்கு 600 சுற்று ஓடுகிற யந்திரம் என்றால் பத்துத் துருவம். முதலில் 500 வோல்ற் மெகர். சுழலும் டயோட் உள்ள யந்திரம் என்றால் டயோட்களைக் கழற்றியோ ஷோர்ட் பண்ணியோ விட்ட பிறகுதான்.

அடுத்தது துருவ வோல்ற் சோதனை. 230 வோல்ற் ஏ.சீயை முழு ரோற்றர் வைண்டிங்குக்கும் கொடுத்து, ஒவ்வொரு துருவத்துக்கும் குறுக்கே எவ்வளவு விழுகிறது என்று அளந்து பாருங்கள். பத்தும் சரி என்றால் ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 23. ஒருமுறை எனக்கு ஒன்றில் 14, அதன் இரண்டு பக்கத்திலும் 22, மிச்சம் ஏழிலும் 24.5 வந்தது. 14 காட்டியதில் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன. பக்கத்துத் துருவங்கள் காந்தப்புலத்தைப் பங்கிடுவதால் அவையும் கொஞ்சம் இறங்கும், அவற்றைக் கழற்ற வேண்டாம். சராசரியிலிருந்து 10 சதவீதத்துக்குள் இருந்தால் விட்டுவிடுவேன். டீ.சீயில் தடை அளந்தால் இந்தக் கோளாறு தெரியாமல் போகலாம், ஒரு சுற்று குறைந்தால் தடை அவ்வளவாக மாறாது. ஏ.சீயில் ஒட்டிய சுற்று டிரான்ஸ்ஃபோமர் மாதிரி வேலை செய்து காட்டிக்கொடுக்கும். ஓடும்போதே இதற்கு ஒரு அறிகுறி உண்டு. எக்சைற்றேஷனை ஏற்றினால் அதிர்வும் ஏறும், இறக்கினால் இறங்கும்.

காஸ் டேர்பைனில் 3000 சுற்று ஓடுகிற உருளை ரோற்றருக்கு இது சரிவராது. அதற்கு இரு முனையிலிருந்தும் துடிப்பு அனுப்பி, திரும்பி வருகிற இரண்டு அலைகளையும் ஒன்றின் மேல் ஒன்றாகப் பொருத்திப் பார்க்கிற சோதனை இருக்கிறது. அலைகள் பிரிகிற இடத்தில் கோளாறு.

சுழலும் வளையங்களை உரசி ரோற்றருக்கு மின்னோட்டம் கொடுக்கிற கரித்துண்டு உள்ள யந்திரமா? ஒரே தரக் கரித்துண்டை மட்டும் போடுங்கள். பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் அளவு சரியாக ஏதோ ஒன்று கிடைத்துவிடும், அளவு பொருந்தினால் தரம் பொருந்தாது. கலந்து போட்டால் ஒன்று மின்னோட்டத்தை முழுக்க இழுத்து எரியும், மற்றது சும்மா உரசும். வளையங்களின் நேர், எதிர் முனைகளை இடைக்கிடை மாற்றுங்கள், ஒரு பக்கம் மற்றதைவிட வேகமாகத் தேயும். பிடியில் ஒட்டாமல் துண்டு ஏறி இறங்குகிறதா என்று விரலால் பாருங்கள். கரித்தூளை ஊதாதீர்கள், உறிஞ்சுங்கள். ஊதினால் அது ஸ்டேற்றரில் போய்ப் படியும்.

பெயாரிங்கில் ஒன்றே ஒன்று சொல்கிறேன். எக்சைற்றர் பக்கத்துப் பெயாரிங்குக்கு அடியில் இன்சுலேஷன் தகடு இருக்கும், தண்டில் பிறக்கிற வோல்ற் பெயாரிங் வழியே சுற்றி ஓடாமல் இருக்க. 500 வோல்ற் மெகரில் அது மெகாஓம் கணக்கில் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் தகட்டைச் சந்தேகிக்குமுன் பக்கத்தைப் பாருங்கள். பெயின்ற் அடித்தவர் தகட்டின் மேலும் அடித்திருப்பார், அல்லது புதிதாக வைத்த வெப்பமானியின் உலோகக் குழாய் இரண்டு பக்கத்தையும் தொட்டுக்கொண்டிருக்கும்.

பெரிய சோதனைகளும் பெரிய பழுதுகளும்

டான் டெல்டா (இன்சுலேஷனில் வீணாகும் மின்சக்தியைப் பார்ப்பது), பகுதி மின்னிறக்கம், கோர் (ஸ்டேற்றரின் இரும்புத் தகட்டு உடல்) சோதனை ஆகியவற்றுக்குக் கருவியோடு ஆள் வருவார். நீங்கள் செய்ய வேண்டியது, அவர் தருகிற அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் உள்ள 'திருப்தி' என்ற சொல்லைப் பார்த்து அனுப்பிவிடாமல், எண்களை உங்கள் கொப்பிக்கு மாற்றுவது. கோரில் தகடுகள் ஒட்டியிருக்கின்றனவா என்று பார்க்கிற குறைகாந்தச் சோதனையில் 100 மில்லிஅம்பியருக்கு மேல் எங்காவது காட்டினால் அந்த இடத்தை மேலும் ஆராய வேண்டும்.

உயர்வோல்ற் தாங்குசோதனைக்கு அவசரப்படுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பயம். 11 கிலோவோல்ற் புது வைண்டிங் 23 கிலோவோல்ற் ஏ.சீ தாங்க வேண்டும். ஓடிய வைண்டிங்குக்கு 1.25 முதல் 1.5 மடங்கு, அதாவது ஏறக்குறைய 14 முதல் 16.5 வரை. பீ.ஐ சரியில்லாத, ஈரமான வைண்டிங்குக்கு இதைப் போடவே கூடாது. சரியானதற்குப் போடுமுன்னும், 'வெடித்தால் மாற்றுச் சுருள் ஸ்டோரில் இருக்கிறதா?' என்று கேளுங்கள். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணிநேரம் மின்வெட்டு இருந்தபோது, ஓடுகிற ஒரு யந்திரத்துக்கு இந்தச் சோதனையைப் போடச் சொல்லியிருந்தால் நான் கையெழுத்து வைத்திருக்க மாட்டேன்.

ஒரு சுருள் எரிந்துவிட்டது, மாற்றுச் சுருள் வர மாதங்கள் ஆகும் என்றால், அந்தச் சுருளை விலக்கிவிட்டுக் குறைந்த சுமையில் ஓட்டலாம். பலர் இதில் ஒரு பிழை விடுகிறார்கள். சுருளின் இரு முனைகளையும் பிரித்து, இணைப்பைத் தாண்டி வேறு கடத்தியால் பாலம் போட்டால் முடிந்தது என்று நினைக்கிறார்கள். சுருள் தவாளிப்பிலேயே கிடக்கிறது. அதற்குள் ஒட்டிய சுற்றுகள் மூடிய வளையமாக இருந்தால், காந்தப்புலம் அதில் மின்னோட்டத்தைத் தூண்டி மறுபடி எரிக்கும். ஆகவே அந்தச் சுருளின் எல்லாச் சுற்றுகளையும் தலைப்பகுதியில் வெட்டி, வெட்டிய முனைகளைத் தனித்தனியே பிரித்து இன்சுலேஷன் சுற்ற வேண்டும். பாலம் போடுகிற கடத்தியின் குறுக்களவு பழையதற்குக் குறையக் கூடாது. எவ்வளவு சுமை குறைப்பது என்பதை வடிவமைப்புக் கணக்கு தெரிந்த பொறியியலாளர் சொல்லட்டும்.

மறுபடி ஓட்டுதல்

மூடுமுன் ஸ்பனர்களை எண்ணுங்கள். எர்த்களைக் கழற்றுங்கள், அவற்றையும் எண்ணுங்கள். கழற்றிய கபாசிற்றரையும் வோல்டேஜ் டிரான்ஸ்ஃபோமரையும் மறுபடி மாட்டுங்கள். முனைகளைப் பிரித்துக் கட்டியிருந்தால், பேஸ் வரிசை சரியா என்று பிரேக்கரை மூடுமுன் கட்டாயம் பாருங்கள். இரண்டு பேஸ் மாறிய நிலையில் வலையமைப்போடு இணைத்தால் தண்டே முறுகலாம்.

வேகத்துக்கு வந்ததும் எக்சைற்றேஷனைக் கால்பங்கு, அரைப்பங்கு என்று கையால் ஏற்றி, ஒவ்வொரு படியிலும் மூன்று வோல்றும் சமமா, அதிர்வு கூடுகிறதா என்று நின்று பாருங்கள். இணைத்த பிறகு சுமையையும் அப்படியே மெல்ல ஏற்றுங்கள். வெப்பமானிகள் ஏறுவதை நிறுத்தி ஒரே இடத்தில் நிற்க நாலைந்து மணிநேரம் எடுக்கும். அதுவரை வீட்டுக்குப் போகாதீர்கள். நின்றதும் எல்லாவற்றையும் கொப்பியில் எழுதுங்கள்: சுமை, வோல்ற், எக்சைற்றேஷன் மின்னோட்டம், வெப்பநிலை ஒவ்வொன்றும், அறையின் சூடு. அடுத்த வருடம் இதே சுமைக்கு எக்சைற்றேஷன் கூடுதலாகக் கேட்டால் ரோற்றரைத் திறக்கக் காரணம் கிடைத்தது.

பிறகு யந்திரத்தை நிறுத்தச் சொல்லுங்கள். ஆம், இப்போதுதான் ஓடத் தொடங்கியது, கட்டுப்பாட்டு அறையில் முறைப்பார்கள். பிரேக்கர் திறந்ததும் ஹீற்றர் தானாக எரிய வேண்டும். பலகையில் சிவப்பு விளக்கு எரிவதைப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள், விளக்குக்கும் ஹீற்றருக்கும் இடையே பியூஸ் போயிருக்கலாம். ஹீற்றர் வயரில் கிளாம்ப் மீற்றரை மாட்டி அம்பியர் பாருங்கள். இரண்டு மணிநேரம் கழித்து வந்து, கீழ் மூடியின் மேல் உள்ளங்கையை வையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, கடைசி பஸ் போவதற்குள் கிளம்பலாம்.